தகரக் குதிருக்குள் உங்கள் மாமா

போன ஆடி மாதம் உங்கள் மாமாவின் தோளில் தையல் போட்டிருந்ததைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். பைக்கில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். உங்கள் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய். அவர் விழவில்லை. அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில், மூடிக்கிடந்த ஒரு கோழித்தீவன மில்லில், மக்காச்சோளம் கொட்டிவைக்கிற தகரக் குதிருக்குள் மாட்டிக்கொண்டார். அவரை உள்ளே அனுப்பியவன் நான். அது சாய்ந்ததும் என்னால்தான்.

அம்மாவிடம் போன வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பசங்களுக்கும் நீயே சொல்லு" என்றாள். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நமக்குப் பந்தல் வேலை. ஆடியில் கல்யாணம் கிடையாது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற இடத்தில் சின்னதாக ஒரு பந்தல் வரும், அவ்வளவுதான். சிங்கப்பெருமாள் கோயிலில் நம் வீட்டுக்குப் பின்னால் பைப்பும் ஷீட்டும் அடுக்கியபடியே கிடந்தன. நம் வீட்டிலேயே இருக்கிற உங்கள் மாமாவும் சும்மா இருந்தார். கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் திருவிடந்தையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் கூப்பிட்டார். தோப்புக்குள் சுற்றுலா வருகிறவர்களுக்காக அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று மட்டும் வட்டமாக, தகரக் குதிராகவே இருக்க வேண்டுமாம். பழையது ஒன்றைத் தேடி வாங்கியும்விட்டார். அதைப் பிரித்து, ஏற்றி, கடற்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தித் தர ஆள் வேண்டும் என்றார்.

மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "டப்பு கீறவன் டின்னுக்குள்ள படுக்க ஆசப்படறான் மாமா. நம்ம தகரக் கொட்டாயிலயே பொறந்து வளந்தோம், ஒருத்தன் வந்து போட்டோ எடுத்தானா?"

"கூரைல ஃபேனு மாட்டி உன்னியும் வாடகைக்கு வுட்ருவாங்க மச்சான்" என்றேன். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் போனோம்.

மூன்று பேர் போனோம். நான், உங்கள் மாமா, நம்மோடு பந்தல் வேலைக்கு வருகிற டெம்போக்காரர். அவரை எல்லோரும் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். மில்காரர்கள் அந்தக் குதிருக்கு சைலோ என்று பெயர் சொன்னார்கள். நாங்கள் மாமா வைத்த பெயரையே வைத்துக்கொண்டோம். டின்.

இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது. நெளிநெளியான தகர ஷீட்டுகள் ஆறு சேர்ந்தால் ஒரு வளையம். வளையத்தின் மேல் வளையமாக நான்கு. உச்சியில் கூம்புக் கூரை. உள்ளே தூண் இல்லை, சட்டம் இல்லை. முழுக்க போல்ட்டிலேயே நிற்கிற பொருள். போல்ட்டின் தலை வெளியே இருக்கும், நட்டு உள்ளே இருக்கும். ஒருவர் உள்ளே நின்று நட்டைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் வெளியே நின்று திருக முடியும். உள்ளே போக அடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு. உடம்பை மடக்கித்தான் நுழைய வேண்டும்.

எனக்குத் தொப்பை. மாமா ஒல்லி. "நீ உள்ள போ மச்சான்" என்றேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மில்லைக் காவல் காக்கிற ஒரு அம்மா அங்கேயே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கதவுக்கு எதிர்த்தாப்புல சோளம் செவுத்தோட ஒட்டிக்கினு கீது. மயத்தண்ணி எறங்கி கல்லு மாறி ஆயிட்சி. எலிகூட அதாண்ட போவாது. பாத்து வேல செய்ங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு, கறுப்பாக, தகரத்தோடு சேர்ந்து வளர்ந்ததுபோல் ஒரு மேடு. புளித்த நாற்றம் கண்ணைக் கரித்தது.

கூரையைத் தூக்கிப் பிடிக்க மறுநாள் காலை பத்து மணிக்கு கிரேன் வருவதாகப் பேச்சு. கிரேன் பிடித்துக்கொண்ட பிறகு வளையங்களைக் கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நான் பந்தல்காரன். கல்யாணம் முடிந்த காலையில் லாரி வருவதற்கு முன்பே எல்லா முடிச்சையும் இளக்கிவிட்டு, மூலைக்கு ஒரு கட்டு மட்டும் விட்டுவைப்போம். லாரி வந்து நின்ற அரை மணியில் பந்தல் தரைக்கு வந்துவிடும். பதினைந்து வருடமாகக் கைக்குப் பழகிய வேலை அது. அன்று சாயங்காலமே டின்னிலும் அதைச் செய்தேன். கீழே உள்ள இரண்டு வளையங்களிலும், ஷீட்டும் ஷீட்டும் சேர்கிற ஒவ்வொரு இணைப்பிலும், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட் மட்டும் விட்டுவிட்டு நடுவில் இருந்ததையெல்லாம் கழற்றச் சொன்னேன். சோளம் ஒட்டிய பக்கம் மட்டும் கை போகவில்லை. அதை அப்படியே விட்டோம்.

அண்ணாத்த தயங்கினார். "இத்தினி கயட்டணுமா? நிக்குமா இது?"

"ரெண்டு கட்டுல கல்யாணப் பந்தலே நிக்குதுண்ணாத்த. இது தகரம். நிக்காதா?"

பந்தல் கட்டுகளால் நிற்பதில்லை, மண்ணில் இறக்கிய காலால் நிற்கிறது. இந்த டின்னுக்குக் கால் இல்லை. ஷீட்டேதான் சுவர், ஷீட்டேதான் கால். இந்தச் சின்ன விஷயம் எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் நாஸ்தா முடித்ததும் மாமா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு உள்ளே போனார். கிரேன் வருவதற்குள் ஒட்டிய சோளத்தை இடித்துத் தள்ளிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பத்து மணி ஆயிற்று. கிரேனைக் காணவில்லை. போன் செய்தால் டிரைவர், "டோல்கேட்டாண்ட கீறேண்ணா, தோ வந்துட்டேன்" என்றான். பத்தரைக்கும் அதையேதான் சொன்னான். அதற்குள் மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. மில் களத்து மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற ஆடிக் காற்று.

முதலில் டொப் என்று ஒரு சத்தம் கேட்டது. காலி எண்ணெய் டின்னைக் கட்டைவிரலால் அமுக்கி விட்டால் வருமே, அந்தச் சத்தம். பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தால், மேற்குப் பக்கத்து ஷீட் உள்ளே குழிவதும் வெளியே வருவதுமாக இருந்தது. மூச்சு வாங்குகிற வயிறு மாதிரி.

"மச்சான், வெளிய வா!"

"இன்னா?" கடப்பாரைச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் போட்டுட்டு வாடா வெளிய!"

அவர் வருவதற்குள் பெரிய காற்று வந்துவிட்டது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அடி வளையம் ஒரு பக்கமாக முறுகியது. கூரை ஒரு சாண் கிழக்கே நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே மூட்டைகள் சரிகிற மாதிரி ஒரு ஓசை. அதற்குப் பிறகு கடப்பாரைச் சத்தம் நின்றுவிட்டது.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். முறுகிய சட்டம் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. தோளால் மோதினேன். மோத மோத மேலே தகரம் கிறீச்சிட்டது. அண்ணாத்த என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "மோதாதடா! கூரை உள்ள வந்துரும்!"

கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். காற்றின் சத்தம்தான் கேட்டது. அன்று காலை உங்கள் அம்மா தன் தம்பிக்கென்று தனியாகக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா டெம்போவின் முன் சீட்டில் இருந்தது. அவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று என் மனது தேட ஆரம்பித்துவிட்டது. ஆள் இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, அதற்குள் சாவுச் செய்தி சொல்ல வார்த்தை தேடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அப்போது, போல்ட் கழற்றிய ஓட்டை ஒன்றில் ஒரு விரல் நுனி தெரிந்தது. தூசி அப்பிய சுண்டுவிரல். பாய்ந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடு மாமா, வெரல ஒடச்சிடாத." குரல் கரகரத்தது.

"அடி பட்டுச்சா?"

"தகரம் தோள கீச்சிட்சி. ஒரு காலு முட்டி வரிக்கும் சோளத்துல மாட்டிக்கினு கீது. மூச்சு வுட முடில, ஒரே தூசி. கதவ தொற."

"தொறக்கல மச்சான்."

"தொறக்கலன்னா?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்து ஷீட்டை முழுசாகக் கழற்றிவிடலாம் என்று போனேன். எப்படியாவது ஒரு வழி திறந்து அவரை இழுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அண்ணாத்த என் கையைத் தட்டிவிட்டார். ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"இன்னும் ஒண்ணு கயட்டினன்னா அவ்ளோதான். கயட்டறது இல்ல. கயட்டினத மாட்டு!"

மாட்டுவதென்றால் உள்ளே நட்டுப் போட ஆள் வேண்டும். உள்ளே இருப்பவர் அவர் ஒருவர்தான். வெளியே வரத் துடிக்கிறவரிடம், அங்கேயே நின்று உன்னைச் சுற்றி இன்னும் இறுக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவர் கேட்டார்: "என்னிய உள்ள வெச்சி பூட்றியா மாமா?" அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"இல்லடா. கூரைய நிறுத்தறோம். நட்டு எங்க?"

"நட்டு டப்பா சோளத்துக்கு அடில பூட்ச்சி. ஜோபில கொஞ்சம் கீது." எண்ணினார். "ஏயு."

கழற்றியது நூற்றுக்கு மேலே. கையில் ஏழு.

அதற்குள் அண்ணாத்த டெம்போவிலிருந்து நைலான் கயிற்றை உருவிக்கொண்டு வந்தார். ஆடுகளை விட்டுவிட்டு அந்தக் காவல்கார அம்மாவும் ஓடிவந்து, யாரும் கேட்காமலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு டின்னைச் சுற்றி ஓடினார்.

"நேத்தே சொன்னனே, பாத்து செய்ங்கன்னு! கேட்டீங்களா? இன்னும் கீய கட்டுய்யா, வயித்துக்குக் கட்டு!"

"கட்டறம்மா, நீ ஓடு, நீ ஓடு" என்றார் அண்ணாத்த.

வயிற்றுக்கு இரண்டு சுற்று, அதற்குக் கீழே இரண்டு சுற்று. பந்தல் பைப் ஒன்றைக் கயிற்றுக்குள் செருகி அண்ணாத்த முறுக்கினார். முறுக்க முறுக்க, விலகியிருந்த ஷீட்டுகள் அரை அங்குலம் கால் அங்குலமாக நெருங்கின. நெருங்கினாலும் ஓட்டைக்கு ஓட்டை நேராக வரவில்லை. கூர்க் கம்பியை விட்டு நெம்பி, நேராகத் தெரிந்ததும் போல்ட்டைத் தள்ளுவேன்.

"வந்துட்சா?"

"வரல. தள்ளு... வந்துட்சி. புடி."

ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. ஒவ்வொரு தடவை காற்று வரும்போதும் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு உள்ளங்கையையும் தகரத்தில் பதித்து அமுக்கிக்கொண்டு நின்றேன். அவரும் உள்ளேயிருந்து முதுகைக் கொடுத்து நின்றார். வெயிலில் தகரம் சுட்டது. அந்தப் பக்கம் அவர் முதுகு நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது.

நான்காவதில், "வியுந்துட்ச்சி" என்றார்.

"இன்னா வியுந்துட்ச்சி?"

"நட்டு. கை நிக்கல மாமா." இருமல் வந்து நெடுநேரம் நிற்கவில்லை. நின்றதும், "மாமா, அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"மூடு வாய! அடுத்தத எடு" என்று கத்தினேன். அந்த வாக்கியம் முழுதாக என் காதில் விழுந்துவிட்டால் அது நடந்துவிடும் என்று பயந்தேன். அவர் அடுத்ததை எடுத்தார்.

ஆறு போல்ட் ஏறிய பிறகு ஷீட் மூச்சு வாங்குவது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோதுதான் கிரேன் மில் கேட்டுக்குள் நுழைந்தது. டிரைவர் தலையை நீட்டி, "இன்னாண்ணா, டின்னுக்குத் தாலி கட்டிட்டீங்களா?" என்றான். யாரும் சிரிக்காததைப் பார்த்து அவன் முகமும் மாறியது. உள்ளே ஆள் இருக்கிறது என்றேன். அண்ணாத்த கிரேன் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டு உச்சிக்குப் போய், கூரை வளையத்தில் பெல்ட்டை மாட்டினார். அப்படிப் போகக் கூடாது. அன்று அவரை வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கூரையின் பாரத்தைக் கிரேன் மெல்ல வாங்கிக்கொண்டது. முறுகிய சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. இன்னொரு கடப்பாரையால் நெம்பினேன். கதவு திறந்தது. மாமா காலைத் தானே தோண்டி எடுத்துக்கொண்டு, நாலு காலில் தவழ்ந்து வந்தார். தலை முதல் கால் வரை மஞ்சள் தூசி. தோளில் மட்டும் சிவப்பு. காவல்கார அம்மா தலையில் தண்ணீர் ஊற்றினார். குடித்தார். குடித்ததை வாந்தி எடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "அக்காகிட்ட பைக்குன்னு சொல்லிடு." அவர் சொன்னதால்தான் பொய் சொன்னேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

பிறகு இரண்டு கூலி ஆட்களை வைத்துக்கொண்டு, கிரேன் எதைப் பிடித்திருக்கிறதோ அதை மட்டும் கழற்றினோம். ஒவ்வொரு ஷீட்டிலும் பெயின்டால் நம்பர் போட்டோம். லாரியில் ஏற்றி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகத் திருவிடந்தைக்குக் கொண்டுபோனோம். மாமா வரவில்லை. இனிமேல் இந்த வேலைக்கு வர மாட்டேன் என்று அண்ணாத்தயிடம் சொல்லியனுப்பியிருந்தார். வீட்டில் எதிரே வந்தால் சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். ம் என்பார். அவ்வளவுதான் பேச்சு.

தோப்பில் நிறுத்தும்போது கூரையை முதலில் தரையில் வைத்துப் பூட்டி, செயின் புல்லியால் தூக்கித் தூக்கி, அடியில் ஒவ்வொரு வளையமாகச் சேர்க்க வேண்டும். அதற்கும் உள்ளே ஒரு ஆள் வேண்டும். கூலி ஆட்களில் ஒருவர் நான் போகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே வயிற்றை எக்கிக்கொண்டு கூரை விளிம்புக்கு அடியில் நுழைந்தேன். உள்ளே நின்றதும்தான் தெரிந்தது. தலைக்குமேல் கூரை சங்கிலியில் தொங்குகிறது. வெளியே பேசுவது ஒன்றும் புரிவதில்லை. நம் மூச்சுச் சத்தமே நம்மிடம் திரும்பி வருகிறது. ஐந்து நிமிடத்தில் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் இதற்குள் ஒன்றரை மணி நேரம் இருந்தார்.

இரண்டாம் நாள் காலை, வெளியிலிருந்து ஓட்டைக்குள் வர வேண்டிய போல்ட் வராமல் நின்றது. "இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நவுரு, நான் பாத்துக்கறேன்." கூலி ஆளிடம் சொல்கிற குரல். உங்கள் மாமாவின் குரல். தோளில் கட்டோடு பஸ் ஏறி வந்திருந்தார். "உள்ள யாரு?"

"நான்தான் மச்சான்."

"தெரியும். ஒரு ஓட்டைய வுடாத, எல்லாத்துலயும் போடு. ஒண்ணு வுட்டன்னு வெச்சிக்க, கதவ சாத்திட்டு பஸ்ஸு ஏறிடுவேன்."

ஒன்றும் விடவில்லை. மத்தியானம் கதவுள்ள அடி வளையத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது கடல்காற்று எழும்பி ஷீட்டில் டொப் என்று அடித்தது. தகரத்தைப் பிடித்துக்கொண்டு, "கதவு தொறந்து கீதா?" என்று கேட்டேன். கதவு என் கண்ணுக்கு எதிரே திறந்துதான் இருந்தது.

"கீது. கல்லு வெச்சிருக்கேன். வேலையப் பாரு."

மூன்று மணிக்கு டீ வந்தது. மாமா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து குனிந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். அதற்குமேல் வரவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தார். டம்ளரில் டீ அலைந்தது.

"அங்கயே இரு மச்சான்" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நான் போய் வாங்கிக்கொண்டேன்.